வண்டி நின்ற இடத்தில் ஷுக்ர்



வாகனத்தில் ஏறினால் ஓத வேண்டிய துஆவை நம் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். நம்மில் பலர் காரில் அதை ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கிறோம். அதன் பொருளை நிதானமாக யோசித்ததுண்டா? ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் 13, 14-ஆம் வசனங்களில் அல்லாஹ் கற்றுத் தருவது இது: வாகனத்தில் அமர்ந்ததும் ரப்பின் நிஃமத்தை நினைக்க வேண்டும். இதை வசப்படுத்தித் தந்தவன் தூயவன், இதை அடக்கியாளும் சக்தி எங்களுக்கு இருக்கவில்லை, நாங்கள் எங்கள் ரப்பிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று சொல்ல வேண்டும்.

தினமும் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிடுகிறது. அதனால் ‘எங்களுக்குச் சக்தி இல்லை’ என்பது நாவோடு நின்றுவிடுகிறது. அது உண்மை என்று எப்போது தெரிகிறது? குடும்பத்தோடு ஒரு நிக்காஹுக்குப் போகும் வழியில், விழுப்புரம் தாண்டி, உச்சி வெயிலில், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டு, பானட்டிலிருந்து ஆவி கிளம்பும்போது!

அப்போது வாப்பா என்ன செய்கிறார்? முதலில் மனைவியைத் திட்டுகிறார்: “நீ கிளம்ப லேட்டாக்கினதாலதான் விரட்டி ஓட்ட வேண்டியதாப் போச்சு.” அடுத்து மகனை: “நேத்தே தண்ணி பாருன்னு சொன்னேன்ல.” பிறகு போனில் மெக்கானிக்கை. இஞ்சின் ஆறுவதற்குள் வீட்டார் எல்லோருடைய மனதும் கொதித்துவிடும்.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் வருகிறது. நபி (ஸல்) அவர்களின் வாகனம் இடறுகிறது. பின்னால் அமர்ந்திருந்த ஸஹாபி, ஷைத்தான் நாசமாகட்டும் என்கிறார். அப்படிச் சொல்லாதீர், சொன்னால் அவன் ஒரு வீட்டளவுக்குப் பெருத்து, என் பலத்தால்தான் நடந்தது என்பான். பிஸ்மில்லாஹ் சொல்லும், அவன் ஈயளவுக்குச் சிறுத்துப் போவான் என்று நபியவர்கள் திருத்துகிறார்கள். அந்த ஸஹாபி திட்டியது ஷைத்தானை. அதற்கே இந்தத் திருத்தம் என்றால், நாம் திட்டுவது யாரை?

ஆகவே முதலில் பிஸ்மில்லாஹ். பிறகு வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, பிள்ளைகளைச் சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழையுங்கள். இதையும் ஷுக்ரில்தான் சேர்க்கிறேன். காரை விடப் பெரிய நிஃமத் அந்த உயிர்கள்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, உம்ராவுக்காக நபியவர்கள் சுமார் 1400 ஸஹாபாக்களோடு போகிறார்கள். ஹுதைபிய்யாவுக்கு அருகில் கஸ்வா என்ற அவர்களது ஒட்டகம் உட்கார்ந்துவிடுகிறது. அதட்டியும் எழவில்லை. கஸ்வா முரண்டு பிடிக்கிறது என்கிறார்கள் மக்கள். அது அதன் குணமல்ல, அன்று யானையைத் தடுத்தவனே இதையும் தடுத்திருக்கிறான் என்கிறார்கள் நபியவர்கள் (புகாரி). அந்த ஆண்டு உம்ரா நிறைவேறவில்லை. ஆனால் உடன்படிக்கை ஏற்பட்டது, திரும்பும் வழியில் ஸூரத்துல் ஃபத்ஹ் இறங்கியது.

இதைக் கேட்டதும் சிலர், ‘வண்டி நின்றதால்தான் முன்னால் நடக்கவிருந்த விபத்திலிருந்து தப்பினோம்’ என்று கதை கட்டிவிடுவார்கள். அல்லாஹ்வின் தூதருக்கு வஹீ வந்தது, நமக்கு வருவதில்லை. வண்டி ஏன் நின்றது என்ற மறைவான ஹிக்மத்தை நாம் அறிய மாட்டோம். அறியவும் தேவையில்லை. நமக்குத் தெரிந்ததே ஷுக்ருக்குப் போதும்: இத்தனை வருடம் அது ஓடியது, பிரசவத்துக்கும் ஜனாஸாவுக்கும் நேரத்துக்குக் கொண்டு சேர்த்தது, இன்று நின்றபோதும் யாருக்கும் காயமில்லை.

செலவை நினைத்துக் கவலைப்படுவது நன்றிகெட்டதனம் ஆகாது. டாக்ஸி ஓட்டும் சகோதரருக்கு வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். அவரிடம் போய் ஷுக்ரைப் பற்றி பயான் செய்யாதீர்கள். முடிந்தால் ரிப்பேருக்குக் கைமாற்றுக் கொடுங்கள். (வட்டிக்கு வாங்கும் கார் பற்றி இன்னொரு ஜும்ஆவில் பேசுவோம்.)

கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் அந்த ஒரு வாரம் பஸ்ஸுக்கு நிற்பீர்கள், ஆட்டோவுக்குப் பேரம் பேசுவீர்கள், பள்ளிக்கு நடந்து வருவீர்கள். உங்களுக்கு அது ஒரு வாரம். பக்கத்து ஸஃப்பில் நிற்பவருக்கு அதுதான் வாழ்நாள் முழுவதும்.

முஸ்லிமில் அபூஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு பயணத்தில் ஒருவர் வாகனத்தில் வந்து வலமும் இடமும் பார்க்கிறார். உடனே நபியவர்கள், தேவைக்கு மேல் வாகனம் வைத்திருப்பவர் வாகனம் இல்லாதவருக்குக் கொடுக்கட்டும் என்றார்கள். உணவையும் அப்படியே சொன்னார்கள். ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே போனதில், தேவைக்கு மிஞ்சியது எதிலுமே நமக்கு உரிமை இல்லையோ என்று ஸஹாபாக்கள் நினைத்தார்களாம்.

ஐந்து பேர் உட்காரும் காரில் ஜும்ஆவுக்கு ஒருவர் மட்டும் வந்து இறங்குவதை நாம் வாராவாரம் பார்க்கிறோம். அதே தெருவிலிருந்து முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் நடந்து வருகிறார். வண்டி சரியாகி வந்ததும், வரும் வெள்ளிக்கிழமை பாங்குக்கு முன்பே அவர் வீட்டு வாசலில் நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காமல், இறங்கிப் போய் ஸலாம் சொல்லிக் கூப்பிடுங்கள்.