வீட்டிலே செய்யும் ஸ்போர்ட்ஸ் கார்

பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கும் கார் என்றதும், மாணவ நண்பர்கள் எடையைக் குறைப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

1957-இல் இங்கிலாந்தில் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற காரை வெளியிட்டது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே அலுமினியத் தகடு. எடை ஏறத்தாழ அரை டன். ஆயினும் அதன் நிமிர்ந்த முன்கண்ணாடியும், துருத்திய விளக்குகளும், வெளியே நிற்கும் சக்கரங்களும் காற்றோடு மல்லுக்கு நிற்பவை.

வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்கு. அதை வெல்ல வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு! தடைக் குணகத்தை முகப்புப் பரப்பால் பெருக்கி வரும் தொகை 0.8 சதுர மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டரில் காற்றை விலக்கவே 10 குதிரை சக்தி செலவாகும். அரை டன் வண்டியின் டயர்கள் உருளக் கேட்பது சுமார் 2 தான். எடையைப் பாதியாக்கினால் மிச்சம் 1. அத்தொகையைப் பாதியாக்கினால் மிச்சம் 5. (ஊருக்குள் நின்று நின்று போகையில் எடைதான் எஜமான், அதை நான் மறுக்கவில்லை.)

எங்கே கை வைப்பது? மூக்கைவிட வால் முக்கியம். பின்புறம் சட்டென்று முடிந்தால், காற்று சுழன்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே மெல்லச் சரியவிட வேண்டும். நீண்ட வால் தொல்லையென்றால், 1930-களில் ஜெர்மானிய அறிஞர் வூனிபால்ட் காம் ஆராய்ந்த முறைப்படி நடுவிலே நறுக்கிவிடலாம். அடிப்பக்கத்தையும் தகட்டால் மூடுங்கள்.

காற்றுச் சுரங்கம் இல்லையே என்ற கவலை வேண்டாம். உடலெங்கும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, நண்பரை ஓட்டச் செய்து, பக்கத்து வண்டியிலிருந்து பாருங்கள். நூல் படிந்து கிடந்தால் சரி. துடித்துத் திரும்பும் இடத்தில் தகட்டை மாற்றுங்கள்.