மழையைக் கணக்கிட்ட தமிழர்

தண்ணீர்மலை என்றதும் தைப்பூசமும் முருகன் கோயிலின் 513 படிகளும் நம் நினைவுக்கு வரும். ஆனால், அவ்விடத்திற்குப் பெயர் தந்தது அங்குள்ள அருவியே. கனமழை நாளில் அது கலங்கி, பேரிரைச்சலோடு பாயும். மலையில் பெய்யும் மழையில் எவ்வளவு நீர், எவ்வளவு நேரத்தில் அடிவாரத்தை வந்தடையும்? 2017 நவம்பரில் பினாங்கைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் முக்கியத்துவம் புரியும்.

இக்கேள்விக்குக் கணிதத்தின்வழி விடை தேடிய பொறியாளர்களுள் ஒருவர் முனைவர் வா.செ.குழந்தைசாமி. தமிழ்நாட்டின் கரூர் அருகிலுள்ள வாங்கலாம்பாளையம் எனும் சிற்றூரில் 1929ஆம் ஆண்டு பிறந்த இவர், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நீரியல் துறையில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். பெய்த மழை முழுவதும் உடனே ஆற்றைச் சேர்வதில்லை. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். எஞ்சியது சரிவிலும் ஓடையிலும் சற்றுத் தேங்கி, பிறகே ஆற்றில் கலக்கும். தேங்கும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உள்ள தொடர்பை அவர் சமன்பாடாக வகுத்தார். நீரியலில் அது ‘குழந்தைசாமி மாதிரி’ என்றே வழங்கப்படுகிறது. பாலம் எவ்வளவு உயரமாக, வடிகால் எவ்வளவு அகலமாக அமைய வேண்டும் என்பதை முடிவுசெய்ய இத்தகைய கணக்குகள் தேவை.

பின்னர், மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் அவர் துணைவேந்தராகப் பணியாற்றினார். இத்தனை பொறுப்புகளுக்கிடையே ‘குலோத்துங்கன்’ எனும் புனைபெயரில் கவிதைகளும் எழுதினார். ‘வாழும் வள்ளுவம்’ எனும் நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

கு, சு, து, பு ஆகிய எழுத்துகளை உற்றுநோக்குங்கள். ஓசை ஒன்றுபோல் மாறினாலும் குறியீடு ஒன்றாக இல்லை. உகர, ஊகார வரிசைகளுக்குப் பொதுக்குறியீடு வகுத்தால் தமிழ் கற்கும் குழந்தையின் சுமை குறையும் என்று அவர் வாதிட்டார். எழுத்து வடிவம் மாறினால் வருங்காலத்தினர் பழைய நூல்களைப் படிக்க இயலாது என்று அறிஞர் பலர் மறுத்தனர். அவர் பரிந்துரைத்த மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. எனினும், கடைசிவரை அவர் தம் கருத்தைக் கைவிடவில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் அமரும் வயதில் அவர் இன்னொரு பணியைத் தோளில் ஏற்றினார். உலகெங்கும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் கற்பதற்கென 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கி வழிநடத்தியவர் அவரே. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். 2002இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 2016 டிசம்பர் 10ஆம் நாள் தமது 87ஆம் வயதில் அவர் காலமானார்.

அறிவியல் பயின்றால் தமிழை விட்டுவிட நேரும் என்று எண்ணுவோர் நம்மிடையே உள்ளனர். வா.செ.குழந்தைசாமியின் வாழ்க்கை அவர்களுக்குத் தக்க விடையாகும்.

கருத்துணர் கேள்விகள்

1. மழைநீர் முழுவதும் உடனே ஆற்றைச் சேராததற்குரிய காரணங்கள் யாவை?
2. எழுத்துச் சீர்திருத்தம் குறித்த இரு தரப்புக் கருத்துகளையும் எழுதுக. நீ எத்தரப்பை ஆதரிப்பாய்? ஏன்?
3. உன் குடும்பத்திலோ வட்டாரத்திலோ உள்ள முதியவர் ஒருவரை நேர்காணல் செய்து, அவரது தொழில் அனுபவத்தை ஒரு பத்தியில் எழுதுக.