கோல்ப் வீச்சில் சுழல் இயக்கம்

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக் ஒரே அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-ஆம் இடம் பெற்றார். கோல்ப் ஆட்டத்திற்குத் தோள்வலு மட்டும் போதுமா? ஆராய்வோம்.

வீச்சில் முதலில் இடுப்பு திரும்புகிறது. தோள், கை, மட்டை முறையே தொடர்கின்றன. மணிக்கட்டு மடங்கியிருக்கையில் மட்டை உடலுக்கு அருகிலிருப்பதால் நிலைமத் திருப்புத்திறன் குறைவு. சுழற்சி எளிதில் வேகம் பெறுகிறது. பந்தை நெருங்கும்போது மணிக்கட்டு விரிகிறது. கையின் வேகம் குறைந்து, ஆற்றல் மட்டைக்குச் செல்கிறது. கோணத் திசைவேகத்தை ஆரத்தால் பெருக்கினால் முனையின் வேகம் கிடைக்கும். ஆகவே நீண்ட மட்டையின் முனை மிக விரைகிறது. மணிக்கட்டை முன்பே விரித்தால் வலிமை வீணாகும்.

பள்ளிப்பட்டில் நாம் ஆடும் கில்லிதாண்டுக்கும் இவ்விதியே. மணிக்கட்டை விறைப்பாக வைத்து ஒருமுறை, தளர்த்தி ஒருமுறை கில்லியை அடித்து, தூரத்தை அளந்து பார்ப்போம். பெண்களுக்குப் பலம் போதாது என்போருக்கு அந்த அளவே விடை கூறும்.