சொட்டுநீர் மானியம்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

மதுரை பக்கம் நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றிப் பல வயல்கள் பிளாட்டாகிவிட்டன. மிச்சமிருக்கிற தோட்டங்களுக்குப் போர்வெல்லை விட்டால் கதியில்லை. அந்தத் தண்ணீரை மிச்சம் பிடிக்க அரசு தருவது சொட்டுநீர் மானியம். 5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். வாங்குவதில் பெரிய சிரமமில்லை. வாங்கிய பிறகுதான் கோட்டை விடுகிறோம்.

செய்ய வேண்டியவை

• முதலில் பட்டாவைப் பாருங்கள். இன்னும் தாத்தா பெயரில் கிடந்தால் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு வாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது. அதிகாரி தோட்டத்துக்கு வந்து நிற்கும்போது தகராறு வேண்டாம்.

• சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், தாசில்தார் தரும் சிறு-குறு விவசாயி சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். 2025 முதல் கொடுக்கப்படும் விவசாயி தனித்துவ அடையாள எண்ணையும் வாங்கிவிடுங்கள்.

• குத்தகை நிலமா? குறைந்தது 7 ஆண்டுக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகை இங்கே செல்லாது.

• கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. ஏற்கனவே போட்ட பக்கத்துத் தோட்டக்காரரிடம், பழுது என்று கூப்பிட்டால் ஆள் வருகிறாரா என்று கேளுங்கள். விலையைவிட அதுதான் முக்கியம்.

• மோட்டாரைப் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகே, வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுங்கள். மானியப் பணம் உங்கள் கணக்குக்கு வராது, கம்பெனிக்குப் போகும். அதனால் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தக் கையெழுத்து. வாய்க்கால் ஓரத்துக் கடைசிச் செடி வரை நடந்து போய், அங்கேயும் சொட்டு விழுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

• ஃபில்டரை அடிக்கடி கழற்றிக் கழுவுங்கள். குழாயின் கடைசி மூடியைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுங்கள். உப்புத் தண்ணீர் போர்வெல்லில் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். அதற்கு ஆசிட் விடும் அளவை அதிகாரியிடம் கேட்டுச் செய்யுங்கள், குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள்.

செய்யக்கூடாதவை

• புரோக்கரிடம் போகாதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். உழவன் செயலியிலும் பதியலாம். யாராவது பணம் கேட்டால், 100 சதவீத மானியத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பயிர் இடைவெளியைப் பொறுத்து அரசு ஒரு செலவு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் மட்டுமே நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் ரசீதோடு.

• களையெடுப்புக்குக் குழாய் இடைஞ்சல் என்று சுருட்டி வேப்பமரத்தில் மாட்டாதீர்கள். வெயிலில் வெடித்துவிடும். மல்லிகையில் கொத்தும்போது மண்வெட்டி பட்டு அறுவதும் சகஜம்தான். அதற்காகப் பழைய மாதிரி வாய்க்காலில் பாய்ச்சப் போவது சோம்பேறித்தனம். இணைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

• குழாயைப் பழைய இரும்புக்காரருக்கு எடைபோடவே கூடாது. அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க 7 ஆண்டு ஆக வேண்டும்.

• இரண்டு வருடத்தில் பிளாட் போட்டு விற்கிற எண்ணமிருந்தால் விண்ணப்பிக்காதீர்கள். அந்தக் குழாய் வேறொருவர் தோட்டத்தில் ஓட வேண்டியது.

கடைசியாக, ஆபீஸ் மாறிப் போய் நிற்காதீர்கள். மல்லிகை, காய்கறி, வாழை, கொய்யா என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். கரும்பு, பருத்தி, நிலக்கடலை என்றால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம்.