க்ரூஸர் மோட்டார் சைக்கிளுக்கு மாற்றுப் புகைக்குழாய்: தீவுகளில் கவனிக்க வேண்டியவை

அந்தமான் நிகோபார் தீவுகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் யாவும் கடல் கடந்து வந்தவை. சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்திற்கும் (2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் எனப்பட்ட நகரம்) இடையே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் உள்ளது. வண்டியின் உதிரி உறுப்புக்களும் இவ்வழியாகவே வருகின்றன. ஆகையால் பொருந்தாத உறுப்பு ஒன்றை வாங்கிவிட்டால், அதைத் திருப்பியனுப்புவதும் வேறொன்றைத் தருவிப்பதும் தீவுவாசிக்கு எளிய காரியங்களல்ல. அண்மை ஆண்டுகளில் ‘க்ரூஸர்’ என்னும் நெடும்பயண வகை வண்டிகள் இங்கும் பெருகியுள்ளன. தாழ்ந்த இருக்கையும், முன்னே நீட்டிய காலடிகளும், குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவையும் இவ்வகையின் இலக்கணம். புது வண்டி வந்ததும் அதன் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, ஓசை மிகுந்த வேறொரு குழாயைப் பொருத்த விரும்புவோர் பலர். அக்குழாயை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

புகைக்குழாய் புகையை வெளியேற்றும் வெறும் குழலன்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிகின்றது. நிமிஷத்திற்கு 3,000 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், விநாடிக்கு 25 தடவை சூடான வாயுவைக் குழாயினுள் உந்துகின்றது. ஒவ்வோர் உந்தலும் ஓர் அழுத்த அலையாகப் பாய்கின்றது. குழாய் அகன்று விரியும் இடத்தில் அவ்வலையின் ஒரு பகுதி தாழ்ந்த அழுத்த அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்பி வருகின்றது. தக்க தருணத்தில் அது வந்து சேர்ந்தால், எஞ்சியுள்ள புகையை உறிஞ்சியெடுத்துப் புதிய கலவைக்கு இடந்தருகின்றது.

இதை ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டலாம். சூடான வாயுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் என்று கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள குழாயில் அலை போய்த் திரும்ப இரண்டு மீட்டர் கடக்க வேண்டும். அதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் நான்கு பங்கு நேரமாகும். நிமிஷத்திற்கு 4,000 சுற்று வேகத்தில், அந்நேரத்திற்குள் எஞ்சினின் அச்சு 96 பாகை திரும்பிவிடும். குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் 48 பாகை திரும்புவதற்குள்ளேயே அலை வந்துவிடும். 2020இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்ட் மீட்டியார் 350 வண்டியின் 349 கன சென்டிமீட்டர் எஞ்சின், தன் உச்ச முறுக்கு விசையைச் சரியாக 4,000 சுற்றில் தருமாறு அமைக்கப்பட்டது. இத்தகைய வண்டியில் குழாயை வெட்டிக் குறுக்கினால், அன்றாடம் ஓட்டும் வேகத்தில் இழுவை குறைய இடமுண்டு. ஏதேனும் ஆதாயம் கிட்டினும் அது மிக உயர்ந்த சுற்றில்தான் கிட்டும். வளைவும் மேடும் நிறைந்த தீவுச் சாலைகளில் அச்சுற்றுக்கு வேலையே இல்லை. ‘எஞ்சினுக்குப் பின்னழுத்தம் அவசியம்’ என்று ஒர்க்‌ஷாப்புகளில் சொல்லப்படுவதும் முழு உண்மையன்று. வேண்டப்படுவது அழுத்தமன்று, அலை திரும்பும் காலப்பொருத்தமே. ஓசை கூடியவுடன் வேகமும் கூடிவிட்டதாகத் தோன்றுவது செவியின் மயக்கம்.

இத்தீவுகளில் ஓசைக்கும் வேகத்திற்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. குழாய் எந்த உலோகத்தால் ஆனது என்பதே அது. கடல் நீரில் பொதுவாக லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அலைத்திவலைகள் காற்றில் மிதந்து வந்து சூடான குழாயின்மீது படிகின்றன. நீர் ஆவியாகின்றது, உப்பு தங்கிவிடுகின்றது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டியதும் உப்பு தானே காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரைசலாகின்றது. மழைக்காலத்தில் அடுக்களை ஜாடியிலுள்ள உப்பு கசிவதை அறியாதவர் யார்? ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில் ஈரப்பதம் இவ்வளவைப் பெரும்பாலும் தாண்டியே நிற்கின்றது. ஆகவே வண்டியைக் கூரையின்கீழ் நிறுத்தினாலும், இரவு முழுவதும் அதன் குழாய் உப்புநீரில் நனைந்தபடியே இருக்கின்றது எனலாம்.

உள்ளிருந்தும் அரிப்பு நிகழ்கின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகின்றது. நீண்ட பயணத்தில் அது ஆவியாய் வெளியேறிவிடும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரையிலான இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டத்திலோ சைலன்ஸர் போதிய அளவு சூடாவதில்லை; நீர் உள்ளேயே தேங்குகின்றது. இதற்காகவே பல சைலன்ஸர்களின் அடியில் ஒரு சிறு துளை விடப்படுகின்றது. அதை ஓட்டையென்று எண்ணி அடைத்துவிடுவோரும் உளர். மாற்றுக் குழாயில் இத்துளை உள்ளதா என்று பார்ப்பது நலம்.

மலிவான குழாய்கள் சாதாரண எஃகின்மீது க்ரோமிய முலாம் பூசப்பட்டவை. முலாம் மெல்லியதாயின் அதிலுள்ள நுண்ணிய வெடிப்புக்கள் வழியே உப்பு புகுந்து, பளபளப்பு குன்றாமலே அடியிலுள்ள எஃகை அரித்துவிடும். கறுப்பு வண்ணம் பூசியவை, கல்பட்டு வண்ணம் உதிர்ந்த இடத்திலிருந்து துருவேறும். துருப்பிடிக்காத எஃகே இங்கு ஏற்றது. ஆனால் அப்பெயரில் பல வகைகள் விற்கப்படுகின்றன. 409 என்னும் வகையில் க்ரோமியம் நூற்றுக்குச் சுமார் 11 பங்கே. உறுதியானது, எனினும் கடற்கரையில் மேற்பரப்பு விரைவில் பழுப்பேறும். 304 என்பது சுமார் 18 பங்கு க்ரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்தது. வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களிற் சிறந்தவை இவ்வகையே. 316 வகையில் மாலிப்டினமும் சேர்வதால் உப்பை மேலும் நன்கு தாங்கும், விலையும் அதிகம். எவர்சில்வராயினும் உப்பு நெடுநாள் தங்கினால் புள்ளி விழும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியை நாடும் இல்லத்தரசியர் இதை நன்கறிவர்.

கடையில் உலோகத்தைச் சோதிக்க ஒரு சிறு காந்தம் போதும். காந்தம் வலுவாக ஒட்டினால் அது சாதாரண எஃகாகவோ 409 ஆகவோ இருக்கலாம். ஒட்டாவிடின் 304, 316 இவற்றுள் ஒன்றாக இருக்க இடமுண்டு. வளைவுகளில் மட்டும் காந்தம் சிறிது இழுக்கப்படுவதைக் கண்டு ஐயுற வேண்டியதில்லை. குளிர்ந்த நிலையில் வளைக்கப்பட்ட 304க்கு அக்குணம் உண்டு. சோதனையை நேரான பகுதியிற் செய்க. பற்றவைத்த தையல்களையும் உற்று நோக்குதல் வேண்டும். குழாய் நல்ல எஃகாயினும், சாதாரண எஃகுக் கம்பியால் பற்றவைத்திருந்தால் துரு அத்தையலிலிருந்தே தொடங்கும்.

அடுத்து வினையூக்கிப் பெட்டி. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி அமைந்த வண்டிகளில், பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்ட இப்பெட்டி நச்சு வாயுக்களை மாற்றுகின்றது. சில வண்டிகளில் இது எஞ்சினை அடுத்த வளைகுழாயிலும், சிலவற்றில் சைலன்ஸரின் உள்ளேயும் இருக்கும். இது எங்குள்ளது என்று அறியாமல் எதையும் கழற்றலாகாது. வளைகுழாயில் இருந்தால், அதற்குப் பின்னுள்ள பகுதியை மட்டும் மாற்றும் செருகு வகையே ஏற்றது. சைலன்ஸரினுள் இருந்தால், வினையூக்கியில்லாத மாற்றுக் குழாய் எவ்வளவு அழகாயினும் அது தள்ளத்தக்கதே. பிராணவாயு உணர்கருவிக்கு முன்னுள்ள இணைப்பில் சிறு கசிவு இருப்பினும் வெளிக்காற்று உட்புகும். கருவி அதனால் ஏமாந்து அதிக பெட்ரோலைக் கேட்கும். எனவே குழாயைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய கேஸ்கெட் இடுதல் அவசியம்.

ஓசை, வண்டிக்காரர் ஒருவரின் விருப்பத்தோடு முடிந்துவிடும் காரியமன்று. 2005 ஏப்ரலில் வந்த விதிகள், 175 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் உற்பத்தி நிலையில் 80 டெசிபெலுக்கு மிகலாகாதென வரம்பிட்டன. இது கடந்து செல்லும் வண்டியிலிருந்து 7.5 மீட்டர் தூரத்தில் அளப்பது. தூரம் இரட்டிக்குந்தோறும் ஓசை 6 டெசிபெல் குறையுமெனக் கொண்டால், 60 மீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்கூடத்தில் அது 62 ஆகும். திறந்த குழாயொன்று 100 டெசிபெல் எழுப்புவதாகக் கொள்வோம். அதே பள்ளிக்கூடத்தில் அது 82. ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல்தான். காற்றுக்காகச் சன்னல்களைத் திறந்து வைத்திருக்கும் வகுப்பறையில் ஆசிரியரின் குரல் அந்நேரம் கேளாது போகின்றது. கடைசி வரிசையிலிருக்கும் குழந்தைக்கு அந்த வாக்கியம் இல்லாமலே போய்விடுகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வகுப்பறைக்குப் பரிந்துரைத்த பின்னணி ஓசையோ 35 டெசிபெலே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, பள்ளி, மருத்துவமனை இவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர் வரையிலான அமைதிப் பகுதிகளில் பகல் வரம்பு 50 டெசிபெல்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி ஒவ்வொரு வண்டிக்கும் ஓசையடக்கும் சாதனத்தைக் கட்டாயமாக்குகின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஓசை, காற்று மாசு ஆகியவற்றின் வரம்பை மீறும் முதற் குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிப்பதோடு, ஓட்டும் உரிமத்தையும் மூன்று மாதத்திற்கு விலக்குகின்றது.

கண்ணாடிப் பஞ்சு அடைத்த சைலன்ஸர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கும் நாளில் இவை அடக்கமாகவே ஒலிக்கும். நாளடைவில் பஞ்சு எரிந்தும் சிதறியும் குறையும். ஓசை ஏறிக்கொண்டே போகும். பிரித்து மீண்டும் அடைக்கும்படி ஆணிகளால் மூடப்பட்டவற்றையன்றி, முற்றும் பற்றவைத்து மூடியவற்றை வாங்குதல் வீண். அறைகளாலும் தடுப்புத் தகடுகளாலும் ஓசையடக்கும் வகை, எடை மிகினும், இத்தொல்லை இல்லாதது.

எந்தக் குழாயாயினும் வாரம் ஒரு முறை, குளிர்ந்த பின், நல்ல நீரால் கழுவித் துடைத்தல் போதிய காப்பாகும். கழற்றிய பழைய சைலன்ஸரை விற்றுவிடலாகாது. உள்நீரை வடித்து, வெளிப்புறம் எண்ணெய் தடவி, கோணியிற் சுற்றி உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். உத்தரவாதக் காலத்திலும், வண்டியைப் பிறருக்கு விற்கும்போதும் அது தேவைப்படும்.