ஐஸ் தீர்ந்தால் படகு திரும்பும்

அன்புள்ள சகோதரிக்கு,

ஐஸ் ஆலையில் கணக்கு எழுதும் என் வேலையைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதியபோது, மனைவி புதுச்சேரியில் பி.ஜி. படிக்கிறாள் என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். நீங்கள் கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி ஐந்து மாதம். கணவர் எம்.எஸ். முதல் வருஷம். வந்தால் தூங்குகிறார், எழுந்தால் கிளம்புகிறார். "மூணே வருஷம், ஓடிப்போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. ஓடுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

ஓடாது. எங்களுக்கு இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது. அதில் சில மாதங்கள் நங்கூரம் போட்ட மாதிரி நின்ற இடத்திலேயே நின்றன.

மனைவியின் வீடும் எங்கள் வீடும் காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் ஒரே தெரு. படிப்பது குழந்தை மருத்துவம். இங்கிருந்து புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பஸ்ஸில் நாலு மணி நேரம். மகளுக்கு நாலு வயது, என்னோடும் என் அம்மாவோடும் இருக்கிறாள்.

முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனி காலை டூட்டி ஏறியவள் ஞாயிறு மதியம்தான் இறங்கினாள். நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நாகப்பட்டினம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது நாகூர். அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வீட்டுக்கு வர ராத்திரி எட்டரை. சட்டியில் சங்கரா மீன் குழம்பு. இரண்டு கவளம் சாப்பிட்டாள், மூன்றாவது கையிலேயே நின்றது. சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டேன். மகள் அவளை எழுப்பவில்லை. சீப்பை எடுத்துவந்து பின்னால் முட்டிபோட்டு, எதிர்வீட்டு அக்காவுக்குச் செய்வதுபோலத் தலைவாரி, தன்னிடமிருந்த ஆறு கிளிப்பையும் ஒரே பக்கமாகக் குத்திவிட்டாள். காலை நாலரை பஸ்ஸுக்கு அவள் கிளம்பும்போதும் அதில் இரண்டு தலையில் இருந்தன. வார்டில் யாரோ சொல்லித்தான் கழற்றினாளாம்.

அன்றைக்கு என் அம்மா சொன்னதைச் சொல்ல வேண்டும். அம்மா முப்பது வருஷமாகக் கூடை சுமந்து மீன் விற்றவள். அப்பா கடலுக்குப் போனவர். காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. நானும் பெரிய மனிதத் தோரணையில், "நீ அப்பாவுக்குக் காத்திருந்த மாதிரிதாம்மா" என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "கடலுக்குப் போறவனுக்கே வருசத்துல அறுபத்தோரு நாள் தடை உண்டு. விசைப்படகைக் கரையில கட்டிட்டு வீட்டுல கெடப்பான். இவளுக்கு என்ன தடை உண்டு?"

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு விசைப்படகை நிறுத்திவைக்கிறது. அந்த நாட்களில் எங்கள் ஆலையிலும் வேலை குறைவு. அம்மா சொன்னதிலிருந்து என் தொழில் புத்தி வேறொரு கணக்குக்குப் போயிற்று. ஒரு படகு எத்தனை பார் ஐஸ் ஏற்றுகிறது என்று பார்த்தாலே அது எத்தனை நாள் கடலில் தங்கும் என்று சொல்லிவிடுவேன். ஐஸ் தீர்ந்தால், மீன் கிடைத்ததோ இல்லையோ, திரும்பியாக வேண்டும். டிரைவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதற்குமேல் கடலில் நிற்க முடியாது. டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு அப்படி ஓர் அளவை யாரும் ஏற்றி அனுப்புவதில்லை.

அளவில்லாமல் வேலை வாங்கும் இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறந்தது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் வகுத்த பயிற்சிதான் இன்றைய முறைக்கு மூலம். படிக்கிற டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க வேண்டும். 'ரெசிடென்ட்' என்ற பெயர் அதனால் வந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருப்பதே உத்தமம் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. அந்த ஹால்ஸ்டெட்டோ கோகெய்ன் பழக்கத்தில் சிக்கிக்கொண்ட மனிதர். குடும்பமே இருக்காது என்று நினைத்துப் போட்ட திட்டத்துக்குள் நீங்களும் நானும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டில் விதிக்குக் குறைவில்லை. ரெசிடென்ட்களின் தொடர்பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் எழுதிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் வாரம் ஒரு நாள் ஓய்வும், வருஷத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. வேலை நேரத்துக்கு மட்டும் 'நியாயமான' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். 2024-இல் அதே ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஆறு நாளுக்கு வகுத்துப் பார்த்தேன். நாளுக்குப் பன்னிரண்டேகால் மணிக்குமேல் வருகிறது. அதுதான் சலுகை! அதையாவது கொடுத்தால், என் மனைவி காரைக்காலிலேயே கண்விழித்து இறங்குவாள். உங்கள் கணவரிடம் இந்த விதிகளைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். பரவாயில்லை, தெரிந்திருக்கட்டும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் எடுக்காத போன் என்றால் வயிற்றைக் கலக்கும். 2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு மீது இலங்கைக் கடற்படை சுட்டது. படகில் 13 பேர். ஐந்து பேருக்குக் காயம், அவர்களில் இருவருக்குப் பலத்த காயம். அன்று பகல் முழுக்கத் தெருவே போனும் கையுமாக நின்றது. அந்த இருவரையும் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ராத்திரி அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கேயும் எங்களை மாதிரி யாராவது ஒரு ஜூனியர்தான் டூட்டியில இருந்திருப்பாங்க. அவங்க வீட்டுலயும் போன் எடுக்கலைன்னு யாராவது திட்டியிருப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் போனுக்காகச் சண்டை போடுவதில்லை. இப்போது அவள் டூட்டிக்கு நடுவே ஒரு புள்ளி வைத்து அனுப்புவாள், வெறும் புள்ளி. இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று புள்ளி வந்தால் ஒரு குழந்தை போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டுக் கதை எதுவும் சொல்ல மாட்டேன்.

சாப்பாடு எடுத்துவைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காரைக்கால்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி. கணவனுக்கு எடுத்துவைத்த மாம்பழத்தை எடுத்து அடியாருக்குப் போட்டதில்தானே எங்கள் காரைக்கால் அம்மையாரின் குடும்பமே பிரிந்தது. அந்தக் கணவன் பரமதத்தன் கப்பல் ஏறிப்போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். இரண்டு வருஷமாக அவள் அந்தத் திருவிழாவுக்கு வரவில்லை. என் வழி இது: பத்து மணிவரை பங்கு இருக்கும், அதற்குமேல் நானே சாப்பிட்டுவிடுவேன். குழம்பு மட்டும் மறுநாளுக்கும் இருக்கும், அது மறுநாள்தான் ருசி. பசியோடு கோபமாக உட்கார்ந்திருந்து அவர் வந்ததும் முகத்தைக் காட்டுவதைவிட, சாப்பிட்டுத் தூங்கிவிடுவது இருவருக்கும் நல்லது.

இன்னொன்று, அக்கம்பக்கத்து வைத்தியம். "தம்பி, இத பாப்பாகிட்ட காட்டு" என்று சர்க்கரை ரிசல்ட்டையும் முட்டி எக்ஸ்ரேயையும் கொண்டுவருவார்கள். என் போனில் மகள் படத்தைவிட ஊரார் எக்ஸ்ரே அதிகம். முடியாது என்று சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. நீங்கள் இப்போதே சொல்லிப் பழகுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது உங்கள் கணவரின் டூட்டி அல்ல. மூன்றாம் பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: பி.எட். சேர நினைத்தேன், அவர் படிப்பு முடியட்டும் என்று தள்ளிவைத்துவிட்டேன் என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து மகளை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போவதுவரை எல்லாவற்றையும் 'அம்மா முடிச்சு வரட்டும்' என்று ஒத்திப்போட்டேன். ஒருநாள் மகள் பால்வாடியில் போட்ட படத்தில் நானும் பாட்டியும் அவளும் ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அம்மா எங்கே என்றேன். "பஸ்ஸுக்குள்ள தூங்குது" என்றாள். மறுவாரமே வேளாங்கண்ணி போய்வந்தோம், மூன்று பேராக. பிள்ளையின் மூன்று வயதையும் நாலு வயதையும் படிப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்ள, அவற்றை ஐஸ் போட்டு வைக்க முடியாது. ஐஸ் ஆலைக்காரன் சொல்கிறேன். தன்னால்தான் எல்லாம் நின்றுகிடக்கிறது என்ற பாரம் இல்லாதது அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கிறது. சொல்லவில்லை, பார்த்தால் தெரிந்தது.

அடுத்த கடிதத்தில் உங்கள் கணவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுத வேண்டாம். பி.எட்.டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
கிளிஞ்சல்மேட்டிலிருந்து