கடல் விலகிய துறை

நுழையும்முன்

பழந்துறைமுகம் ஒன்றைக் காணச் செல்வோர் அங்கே கடலைத் தேடுவது இயல்பு. கொற்கைக்குச் செல்வோர் வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் ஒரு பெரிய குளத்தையுமே காண்பர். முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம் இவ்வூர் என்பதைக் கண்ணால் கண்டு நம்புவது கடினம்; மண்ணைப் படித்தே அறிய வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பழையகாயலைக் கடந்து, முக்காணிக்கு அருகே ஏரல் நோக்கி மேற்கே திரும்பினால் கொற்கையை அணுகலாம். தாமிரபரணியின் வடபுறத்தில் அமைந்த சிற்றூர் இது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கழிமுகம் தூர்ந்தது. கடல் கிழக்கே சில கிலோமீட்டர் விலகிற்று. கப்பல்கள் கடலைப் பின்தொடர்ந்து சென்றன. கொற்கைக்குப்பின் காயல் சிறந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய துறைமுகம் அதுவே. அதன் வாயிலும் மண் மேடிட்டபோது வாணிகம் தூத்துக்குடியை நாடியது. ஒரே ஆற்றின் வண்டல் ஒரு துறைமுகத்தை இவ்வாறு இடம்பெயரச் செய்துகொண்டே இருந்தது எனலாம்.

உரோமாபுரிக்குச் செல்வோர்க்கு இத்தகைய இடர்ப்பாடு இல்லை. கி.பி. 80 இல் திறக்கப்பட்ட கொலோசியம் என்னும் வட்டரங்கு, பாதி சிதைந்த நிலையிலும், நான்கு அடுக்கு உயரத்தில் இன்றும் நிற்கிறது. அவ்வரங்கு எழுந்த அதே முதலாம் நூற்றாண்டில்தான் 'எரித்திரியக் கடலின் பெரிப்புளூஸ்' என்னும் கிரேக்க நூல் எழுதப்பட்டது. அது கொற்கையைக் 'கொல்கோய்' எனக் குறிக்கிறது. தாலமியும் இப்பெயரை அறிந்திருந்தார். முதலாம் நூற்றாண்டினரான பிளினி, இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயம் சென்று சேர்வதாக வருந்தினார். இத்தொகை முழுவதும் பாண்டிநாட்டு முத்துக்கே வந்ததுபோல் எழுதுவோர் உளர். அது பிளினி சொல்லாத செய்தி. எனினும் அவர் கடிந்த ஆடம்பரப் பொருள்களுள் முத்து முன்னிற்பது என்பதில் ஐயமில்லை.

பெரிப்புளூஸ் தரும் வேறொரு செய்தியே நம்மை நின்று எண்ண வைக்கிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு இங்கே முத்துக்குளிக்கப்பட்டது என்கிறது அந்நூல். உரோமையிலும் தண்டனை பெற்றோர் வட்டரங்கில் விலங்குகளின் முன் தள்ளப்பட்டனர். அங்கே மக்கள் திரண்டு பார்த்தனர். இங்கே மூழ்கியவனை மேலே கயிறு பிடித்திருந்தவனைத் தவிரப் பார்த்தவர் எவருமிலர். அயல்நாட்டு வணிகர் ஒருவரின் கூற்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. கடலையே வாழ்வாகக் கொண்ட பரதவரைச் சங்க இலக்கியம் நன்கு அறியும். தண்டனை பெற்றோரோடு அவர்களும் மூழ்கியிருப்பர் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அத்தொழிலின் கடுமை பிற்காலத்தும் மாறவில்லை. முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பரப்பைப் 'பார்' என்பர். கல்லின் எடையால் விரைந்து இறங்கி, மூச்சை அடக்கிய சிறுபொழுதுக்குள் சிப்பிகளைப் பையில் திரட்டி, கயிற்றை அசைத்தால் மேலிருப்போர் இழுப்பர். கயிறு பிடிப்பவன் கண்ணயர்ந்தால் உயிர் போகும். இந்தியக் கரையில் 1961 ஆம் ஆண்டுக்குப்பின் பெருமளவிலான முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973 இல் தூத்துக்குடியில் ஆய்வாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கினர்.

கொற்கையின் பெருமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் உணர்த்தியவர்களுள் கால்டுவெல் குறிப்பிடத்தக்கவர். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69 இல் இங்கு அகழாய்வு நடத்தியது. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், உறைகிணறுகள், சங்குகள் ஆகியன கிடைத்தன. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. 2021 இல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. செங்கற் கட்டுமானம் வெளிப்பட்டது.

ஊரில் அக்கசாலை என்னும் பெயர் தாங்கிய கோயில் உள்ளது. அக்கசாலை என்பது நாணயம் அச்சிடும் இடம். முதிர்ந்த வன்னி மரம் ஒன்றும் அங்கே நிற்கிறது. அதன் வயது ஈராயிரம் ஆண்டு என ஊரார் கூறுவர். காணச் செல்வோர் நடக்கும்போது தரையைப் பார்த்து நடத்தல் நன்று. உழுத நிலத்தில் சிப்பியும் ஓடும் தென்படும். அவற்றை எடுத்து வருதல் கூடாது. கிடந்த இடத்தை விட்டு நீங்கிய ஓடு தன் காலத்தைச் சொல்லும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடும். கண்டதைக் கிராம நிருவாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்கலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் ஆறு, குளம் அல்லது கடற்கரை இடம்பெயர்ந்ததற்கான அடையாளம் உண்டா? முதியோரிடம் கேட்டறிந்து, அவ்விடத்தின் வரைபடம் ஒன்றைத் தயாரித்து வகுப்பில் விளக்குக.